துண்டு விழுந்த சுமை

திருத்தணி ரயிலடியில் போர்ட்டர் தணிகாசலத்தைத் தெரியாதவர் கிடையாது. சிவப்புச் சட்டை, புஜத்தில் பித்தளைப் பில்லை, தோளில் ஒரு துண்டு. ஆடிக் கிருத்திகைக்கு ஸ்பெஷல் வண்டி வந்து நின்றால் காவடியும் மஞ்சள் துணியுமாகக் கூட்டம் பிதுங்கும். "வழி வுடு நைனா, வழி வுடு!" என்று அவர் குரல் முன்னே வரும், மூட்டை பின்னே வரும். எப்போதும் சிரித்த முகம்தான். ஆனால் அந்த மனுஷன் நெஞ்சில் வைத்திருந்த வஞ்சம் இருக்கிறதே, அப்பப்பா, லேசுப்பட்டதல்ல!

கரி இன்ஜின் ஓடிய அறுபதுகளில் ஆரம்பித்த கதை. ஆர்.கே.பேட்டை நூல் வியாபாரி கோதண்டபாணிக்கு மெட்ராஸிலிருந்து ரயிலில் நூல் மூட்டை வரும். கூடவே அவருடைய மச்சான் பரந்தாமன் வருவான். ஒருநாள் ஒரு மூட்டை குறைந்தது. கோதண்டபாணி விசாரித்தாரா, தேடினாரா? அதெல்லாம் இல்லை. நடு பிளாட்பாரத்தில் தணிகாசலத்தின் சட்டையைப் பிடித்தார்.

"திருட்டு நாயே, எங்கடா வச்சிகீற என் மூட்டைய?"

"முருகன் மேல சத்தியமா நான் எடுக்கல முதலாளி."

யார் கேட்டார்கள்? ரயில்வேக்காரர்கள் பில்லையைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்தினார்கள். சாட்சி இல்லையென்று சில மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். போன பேரை யார் திருப்பிக் கொடுப்பது? மனைவி ஜெயம்மா தெருக்குழாய்க்குப் போனால், "திருடன் பொண்டாட்டி வந்துட்டா, சொம்ப உள்ள வைடி" என்று காதுபடப் பேசினார்கள். "அவன் வாயால, நாலு பேர் எதிர்ல, நீ எடுக்கலன்னு சொல்லட்டும்யா. அத கேட்டுட்டு கண்ண மூடறேன்" என்பாள் பாவம். கேட்காமலே சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள்.

போர்ட்டர்களுக்குள் ஒரு கட்டு உண்டு. சுமையின் மேல் ஒருவர் துண்டைப் போட்டுவிட்டால் அது அவர் சுமை. தலை போனாலும் இன்னொருவர் கை வைக்க மாட்டார். பில்லை திரும்பி வந்த நாளிலிருந்து கோதண்டபாணியின் மூட்டை இறங்கினால் போதும், முதல் துண்டு தணிகாசலத்தினுடையதுதான். துண்டைப் போட்டுவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார்.

"தூக்கேன்டா!"

"தூக்கறேன் முதலாளி. நான் எடுக்கலன்னு சொல்லு, தூக்கறேன்."

கோதண்டபாணியா சொல்வார்? வேட்டி அவிழ, மூச்சிரைக்க, தானே மூட்டையை இழுத்துக்கொண்டு போவார். பார்க்கிற தணிகாசலத்துக்கு வயிறு குளிரும். கடைசியில் முதலாளி லாரியில் நூல் வரவழைக்க ஆரம்பித்தார்.

மின்சார வண்டிக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த வருஷம், சித்திரை வெயிலில், மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கோதண்டபாணி ரயிலில் வந்து இறங்கினார். இறங்கினார் என்ன, இறக்கினார்கள். இரண்டு காலும் விழுந்துவிட்டது. பேச்சுக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. போர்ட்டர் சின்னசாமி நாற்காலியோடு ஓடி வந்தான். அதற்குள் தணிகாசலத்தின் துண்டு அவர் மடியில் விழுந்துவிட்டது. சின்னசாமி நாற்காலியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

"அண்ணா, உங்க கால்ல வேணா வுழறேன்" என்று அழுதாள் முதலாளியின் மனைவி வரலட்சுமி.

"நீ இன்னாத்துக்கும்மா வுழற? அவர் ஒரு வார்த்த சொல்லட்டும். நானே தோள்ல தூக்கினு போறேன்."

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. கோதண்டபாணி உடைந்துபோனார்.

"தணிகாசலம் எடுக்கல" என்று முனகினார்.

"சத்தமா சொல்லு!"

"தணிகாசலம் எடுக்கல! என் மச்சான்தான் அரக்கோணத்துலயே எறக்கி வித்துட்டான். அந்த வாரமே எனக்குத் தெரியும். வூட்டு மானம் பூடும்னு வாய மூடிகினு இருந்தேன்."

துண்டை எடுக்க நீண்ட தணிகாசலத்தின் கை அப்படியே நின்றது. இத்தனை காலமும் அவர் நினைத்திருந்தது, இந்த ஆள் தப்பாகச் சந்தேகப்பட்டுவிட்டான், வீம்புக்கு ஒத்துக்கொள்ள மாட்டேனென்கிறான் என்றுதான்.

"அந்த வாரமேவா?"

"ஆங்."

"என் ஜெயம்மா அப்போ உசுரோட இருந்தாய்யா, பாவி!"

கையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"அண்ணே, துண்டு..." என்றான் சின்னசாமி.

"கெடக்கட்டும்."

ஒரு போர்ட்டரும் அசையவில்லை. வரலட்சுமியும் வெளியே நின்ற ஜட்காக்காரரும் சேர்ந்துதான் கோதண்டபாணியைத் தரதரவென்று இழுத்துப்போனார்கள். அந்தத் துண்டைத் தணிகாசலம் திரும்பக் கேட்கவே இல்லை.