பேர் கேட்ட பெட்டி

கழற்றிப் போட்ட காலுறைகளின் வாசமும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசமும் ஏசிக் குளிரில் கலந்து வந்தால், எனக்கு இன்றைக்கும் பழனிசெட்டிபட்டியில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டர்தான் நினைவுக்கு வரும். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், வெயிலில் அலைந்து கறுத்துப் போகிறேன் என்று அப்பா என்னை அங்கே சேர்த்துவிட்டார். எங்கள் தெருவில் கம்ப்யூட்டருக்குப் பெயர் 'பெட்டி'. "பெட்டி படிக்கப் போறியாத்தா?" என்றுதான் கேட்பார்கள்.

லீவு முழுக்க நாங்கள் கற்றது ஒன்றே ஒன்று: பெட்டி கேள்வி கேட்கும், எதிரே இருப்பவர் பதில் தட்டுவார், பெட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் காட்டும். ஆனால் மனிதர்கள் ஒழுங்காகப் பதில் தரமாட்டார்கள் என்பது எங்கள் டீச்சரின் தீராத கவலை. "வயசக் கேட்டா பேரப் போடுவாக, பேரக் கேட்டா சும்மா என்டரத் தட்டுவாக, நாமதான் உசாரா இருக்கணும்" என்பார். நான் ரொம்பவே உஷாராக இருந்தேன். என் புரோகிராம் வெறும் என்டரை ஏற்காது. 'பொய்ங்' என்று கத்திவிட்டு மறுபடியும் கேட்கும். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசி நாளில் எங்கள் புரோகிராம்களைப் பார்க்கப் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையிலிருந்து அம்மா நேராக வந்திருந்தாள். நான் கேள்வியை வாசித்து, அவள் சொல்வதைத் தட்ட வேண்டும். என்டரை மட்டும் அவளே அமுக்க வேண்டும். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது முதல் கேள்வி. நானும் தம்பியும் பக்கத்திலேயே நிற்க, அம்மா "மூணு" என்றாள்.

"ரெண்டுதானம்மா."

"பெத்தது மூணு. போடுத்தா."

எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து இறந்ததைச் சித்திகள் 'மூத்தது' என்று குசுகுசுக்கக் கேட்டிருக்கிறேன். அம்மா வாயால் கேட்டது அன்றுதான். பின்னால் நின்ற அப்பா, "இங்கன வந்து எதுக்கு அதப் பேசிக்கிட்டு? ரெண்டுன்னு போட்டுட்டு எந்திரி" என்றார். அம்மா திரும்பவே இல்லை, என்டரை அமுக்கினாள். பெட்டி முதல் பிள்ளையின் பெயரைக் கேட்டது.

எங்கள் வீட்டில் குலசாமி கோயிலில் முதல் முடி எடுத்த பிறகுதான் பேர் வைப்பது. அதுவரை எல்லாப் பிள்ளையும் 'பாப்பா'தான். அந்தப் பாப்பா கோயில்வரை வரவில்லை. "பேரு வைக்கலத்தா, அப்படியே விட்டுரு" என்று அம்மா என்டரை அமுக்கினாள். பொய்ங். மறுபடி அமுக்கினாள். பொய்ங். யாரோ சிரித்தார்கள். நான் எழுதிய வரி என் அம்மாவை எல்லார் முன்னாலும் நச்சரித்துக்கொண்டிருக்க, அதை நிறுத்தத் தெரியாமல் நான் நின்றேன்.

"விடமாட்டேங்குதே டீச்சர்" என்றாள் அம்மா.

டீச்சர் வந்து குனிந்தார். "பேரு இல்லேன்னா பரவாயில்லக்கா. கீழ இருக்கிற இந்த நீளப் பட்டன ஒருதடவ அமுக்கிட்டு, அப்புறம் என்டரத் தட்டுங்க." வார்த்தைகளுக்கு நடுவே விடும் வெற்றிடமும் பெட்டிக்கு ஓர் எழுத்துதான், சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டது. பிறகு என் பெயர், தம்பி பெயர். கடைசியில் திரையில் மூன்று வரிகள் வந்தன. முதல் பிள்ளை என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அம்மா ஏலக்காய் மணக்கும் விரலை வைத்தாள்.

"மூணும் வந்துருச்சா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"வந்துருச்சு."

மில் இருக்கிறது, மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். சென்னையில் எனக்கு இன்றும் அதே வேலைதான், ஊரார் தட்டுவதைச் சரிபார்க்கும் வேலை, அலுத்துச் சலித்துவிட்டது. பெயர்க் கட்டத்தில் வெற்றிடத்தை மட்டும் தட்டினால் ஏற்றுக்கொள்கிறது என்று அவ்வப்போது புகார் வரும். புரோகிராமில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த வழி அடைபட்டுவிடும். எத்தனையோ முறை அடைத்திருக்கிறேன், இந்த வாரமும் அடைத்தேன்.

போன முறை ஊருக்குப் போனபோது அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். விவரம் பதிய, கையில் டேப் கம்ப்யூட்டருடன் உட்கார்ந்திருந்த பெண் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றாள் அம்மா.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மூணுன்னா பேரு கேக்கும்த்தா" என்றாள்.