சகாதேவன் சாரின் கடைசிப் பரீட்சை

ஒரு பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வயதான அம்மா ஒருவர் மயங்கி விழுந்தார். சகாதேவன் சார்தான் ஓடிப்போய்த் தெளிய வைத்தார். மயக்கத்தில் சிறுநீர் போய் அந்த அம்மாவின் சேலை நனைந்திருந்தது. கூட்டம் கவனிப்பதற்குள் சார் தன் தண்ணீர் பாட்டிலை அவர் மடியில் கவிழ்த்துவிட்டு, "ஐயோ, கை தவறிடுச்சும்மா, மன்னிச்சிக்கங்க" என்றார். இட்லி விற்றுக்கொண்டிருந்த நான் பார்த்தேன். அதைப்பற்றி அவரிடம் கேட்டதேயில்லை.

வேங்கிக்காலில் என் டிபன் கடைக்கு எதிரே, ஆம்புலன்ஸ் வேலைக்குப் பிள்ளைகளைப் பழக்கும் நிலையம் இருக்கிறது. சார் அங்கே வாத்தியார். முன்பு ஆம்புலன்ஸில் ஓடியவர். ஸ்ட்ரெச்சர் தூக்கித் தூக்கி இடுப்பு போனபின் பாடம் நடத்த வந்தார்.

இதயம் நின்றவருக்கு மார்பை அமுக்கும்போது முப்பதுவரை எண்ணவேண்டுமாம். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் பயந்து எண்ணிக்கையைத் தவறவிட்டார்கள். அதனால் சார் ஒரு வழி வைத்திருந்தார். "அண்ணாமலைக்கு அரோகரா" என்று ஒருமுறை சொல்வதற்குள் மூன்று அமுக்கு. பத்து அரோகரா ஆனால் முப்பது.

அவரிடம் படித்த எழில் என்ற பெண் என் கடையில் கிண்டல் பண்ணுவாள். "சார், பேஷன்ட் எழுந்து தட்டுல காசு போடுவாரா?"

"எழுந்தா நானே போடறேன். நீ தோசைய தின்னு."

வாத்தியார்களும் சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும். இதுவரை எழுத்துப் பரீட்சை மட்டும்தான். இந்த முறை சென்னையில் அதிகாரி முன்னால் பொம்மையை அமுக்கி, வாய்விட்டு எண்ணிக் காட்டச் சொன்னார்கள். அடுத்த தடவையிலிருந்து பட்டம் படித்தவர்தான் வரலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சார் பிளஸ் டூ. இதைவிட்டால் வேலை போய்விடும். சாம்பார் ஊற்றிக்கொள்ளும்போதுகூட எண்ணிக்கொண்டிருந்தார். நான் கோயிலில் விளக்கு போட்டேன்.

சென்னையிலிருந்து திரும்பி வந்து சார் என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னா சார் ஆச்சு?"

"பொம்மை மேல கை வெச்சதும் வாய் தானா அரோகரான்னுடுச்சுக்கா. அந்த மேடம் நிறுத்தி, 'எண்ணிக்கை எங்க?'ன்னாங்க. மறுபடி ஆரம்பிச்சேன். பதினேழுக்கப்புறம் பத்தொம்போதுன்னுட்டேன்."

"சாமி பேரத்தானே சொன்னீங்க, அதுக்கா ஃபெயிலு?"

"அவங்க மேல தப்பில்லக்கா. வேற ஊருக்காரங்க, அரோகராவ எப்படி எண்ணிக்கினு இருப்பாங்க?"

அண்ணாமலையார் முன்னால் நின்று, "உன் பேரச் சொன்னதுக்கா ஃபெயிலு?" என்று கேட்டேன். கற்பூரம் அணைந்தது, திரும்பி வந்தேன். நிலையத்துக்குப் புது வாத்தியார் வந்துவிட்டார். சாருக்குக் கிடைத்தது ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை. அந்த இடுப்போடு நாளெல்லாம் நிற்கவேண்டும்.

போகிற அன்று காலையில் பையோடு கடைக்கு வந்தார். இரண்டு இட்லி வைத்தேன், ஒன்றுதான் சாப்பிட்டார்.

"உங்களுக்காக வேண்டிக்கினேதான் இருக்கேன் சார்" என்றேன்.

பஸ் வருகிறதா என்று பார்த்தபடி சொன்னார்: "இனிமே வேணாக்கா. எனக்காகக் கேக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல."