பனிச்சரிவில் ஒரு பூகோள டீச்சர்

பனிச்சரிவு என்றால் என்ன என்று பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைவேன். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து அதன் ஒரு பக்கத்தை வெள்ளையாக்குவேன். பிறகு டஸ்டரால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. "போச்சா? இதுதான் பனிச்சரிவு" என்பேன். பொடியெல்லாம் என் புடவையில்தான் விழும். அதைத் தாண்டிப் பனியோடு எனக்கு நேரடிப் பழக்கம் கிடையாது. தஞ்சாவூரில் பனி என்றால் மார்கழிக் காலையில் வண்டி சீட்டில் படிந்திருப்பது. அதற்கே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவள் நான்.

இப்படிப்பட்டவள் ஐம்பதை நெருங்கும் வயதில் குளிர்கால மலையேற்றத்துக்குப் போனதற்குக் காரணம் என் நாத்தனார். சீர்காழியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தவள் பலகாரத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணி, உத்தராகண்ட்ல ஜனவரியில ஒரு சிகரத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பனியில நடக்க அவங்களே கத்துக்குடுக்குறாங்க. நான் பேர் குடுத்துட்டேன். நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும், சும்மா சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நானும் பேர் கொடுத்தேன்.

ஏறிப் பழகுவதற்கு எங்கள் பக்கம் ஒரு மேடுகூடக் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை வயல்தான். இருப்பதில் உயரமானது பெரிய கோயில் கோபுரம், அதில் ஏற யாரும் விடமாட்டார்கள். மிச்சம் ரயில்வே மேம்பாலம். முதுகுப்பையில் வீட்டு அரிசிச் சாக்கை வாய் வெளியே தெரியத் திணித்துக்கொண்டு விடிந்ததும் அதில் ஏறி இறங்கினேன். ஸ்கூட்டரில் போன ஒரு மாணவியின் அம்மா நிறுத்திக் கேட்டார்:

"என்னங்க டீச்சர், வண்டி ரிப்பேருங்களா? ஏறுங்க, ரேஷன் அரிசிய இப்புடிச் செமந்துகிட்டுப் போறீங்களே!"

பயிற்சி என்று விளக்கினேன். மறுநாளும் நிறுத்தினார், மறுபடி விளக்கினேன். அதற்கடுத்த நாள் முழங்கால் வலித்ததால் ஒன்றும் விளக்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இதற்குள் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் விஷயத்தை அறிவித்து, பிள்ளைகளைக் கைதட்டவும் வைத்துவிட்டார். இனி காய்ச்சல் என்று சொல்லியும் தப்பிக்க வழியில்லை.

மலையில் எங்கள் குழுவில் நாங்கள் இருவரும், புனேயிலிருந்து வந்த நான்கு இளைஞர்களும். அழைத்துப்போன பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண், மலையேற்றப் பள்ளியில் முறையாகப் படித்தவர். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். முதல் நாளே எங்கள் ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிட்டார். பனிக்குள் புதைந்துபோனால் அது அனுப்பும் சிக்னலை வைத்து மற்றவர்கள் தேடித் தோண்டுவார்களாம். வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வருமே, அதுபோல நான் அந்தக் கருவியின் விளக்கு எரிகிறதா என்று நிமிடத்துக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல்முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் பனி கொட்ட ஆரம்பித்தது. இரண்டு நாள் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தோம். மூன்றாம் நாள் காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. சிகரம் எதிரே பளபளவென்று நின்றது.

பயிற்சியாளர் மண்வெட்டியால் பனியில் ஒரு குழி வெட்டி, அதன் சுவரை எங்களுக்குக் காட்டினார். அடியில் இருந்த பழைய பனி, ரவைபோலப் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன்மேல் காற்று அடித்துச் சேர்த்த புதுப்பனி பலகைபோல இறுகிக் கிடந்தது. இரண்டுக்கும் ஒட்டுதல் இல்லை. ஒருவர் காலை வைத்தால் போதும், மேலே உள்ள பலகை அப்படியே பெயர்ந்து இறங்கிவிடலாம். "இன்றைக்குச் சிகரம் வேண்டாம். இந்த முறை வேண்டவே வேண்டாம்" என்றார்.

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மேலே போகவும் வேண்டாம், போகாததற்கு நான் காரணமும் இல்லை. இதைவிட நல்ல செய்தி உண்டா? அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஊரில் அத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்களே, கொஞ்சம் வருத்தப்படாமல் எப்படி இறங்குவது? முகத்தைத் தொங்கப்போட்டேன். "இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா?" என்று பெருமூச்சு விட்டேன். "என் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று குரலைக்கூடத் தழுதழுக்க வைத்தேன்.

நடிப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. புனேக்காரர்கள் என் தோளைத் தட்டினார்கள். நாத்தனார் பயிற்சியாளரிடம், "அண்ணி ரொம்ப ஆசைப்படறாங்க" என்று இந்தியில் சொன்னாள். அவர் சற்று யோசித்துவிட்டு, அருகில் இருந்த தாழ்வான ஒரு மலைமுகட்டைக் காட்டினார். அங்கே சாய்வு குறைவு, ஆபத்தும் குறைவு, வழியில் ஒரு சின்னப் பள்ளச்சரிவு மட்டும் உண்டு, பார்த்துப் போய்வரலாம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அந்தப் பள்ளச்சரிவின் ஓரத்தில் எங்களை நிறுத்தி, ஒருவர் கடந்த பிறகுதான் அடுத்தவர் என்றார் பயிற்சியாளர். பனி சரிந்தால் கழற்றி எறிய வசதியாகப் பையின் இடுப்புவாரை அவிழ்த்துவிடச் சொன்னார். அவர் கடந்தார், புனேக்காரர்களில் ஒருவர் கடந்தார். மூன்றாவது நான்.

பாதி தூரம் போயிருப்பேன். காலடியில் 'உம்ம்' என்று ஒரு சத்தம். யாரோ பெரிய பிரம்புக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்ததுபோல. நான் நின்ற இடம் லேசாக அமுங்கியது. என் பூட்ஸிலிருந்து ஒரு மெல்லிய விரிசல் மேல்நோக்கி ஓடுவதைப் பார்த்தேன்.

அந்த நிமிடத்தில் பனிச்சரிவு ஏற்படக் காரணங்கள் யாவை என்ற கேள்விக்கான பதில், ஐந்து மதிப்பெண்ணுக்கு, வரி தவறாமல் என் மண்டைக்குள் ஓடியது. கால் மட்டும் ஓடவில்லை.

"அப்படியே திரும்பு. வந்த தடத்திலேயே போ. மெதுவாக!" எதிர்ப்பக்கத்திலிருந்து பயிற்சியாளரின் குரல். எப்படித் திரும்புவது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"அண்ணி!" பின்னாலிருந்து நாத்தனார். "மேல பாக்காதீங்க. என்னையப் பாருங்க. சேத்துல நடக்குற மாதிரி காலத் தூக்கி வைங்க. வாங்க, வாங்க."

அவளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களைத் தட்டிக்கொடுத்து நடக்கவைக்கிற அதே குரலில் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு கால். அடுத்த கால். "அவ்வளவுதான். சூப்பரா வர்றீங்க." கரையை எட்டியதும் அவள் மேலேயே விழுந்து ஓவென்று அழுதேன்.

நான் அழுது முடித்து மூக்கைச் சிந்தும் வரையிலும் அந்தச் சரிவு சரியவே இல்லை. பயிற்சியாளரும் புனேக்காரரும் மேலே பாறை வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். "முகட்டுக்கும் வேண்டாம்" என்று மட்டும் பயிற்சியாளர் சொன்னார். இந்த முறை நான் பெருமூச்சு விடவில்லை.

மத்தியானம் முகாமில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. சிகரத்துக்குப் பக்கத்தில், வெயில் பட்டுக்கொண்டிருந்த சரிவில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. முதலில் சத்தமே இல்லை. ஒரு பக்கம் முழுவதும் நழுவி, உடைந்து, புகைபோல எழும்பிக் கீழே இறங்கியது. பிறகுதான் உறுமல் வந்து எங்கள் நெஞ்சில் மோதியது. புனேக்காரர்கள் போனில் படம் பிடித்தார்கள். நான் கையில் சூப் இருப்பதையே மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "நாம் போக இருந்தது அந்த வழியல்ல, அதற்குப் பக்கத்து வழி" என்றார் பயிற்சியாளர். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

மறுநாள் சாலைவரை நடந்து இறங்கி ஜீப் ஏறியதும் நாத்தனார் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. நெசமாவே மேல போகணும்னு ஆசையா இருந்துச்சா?"

"சத்தியமா இல்லடி. அவங்க வேணாம்னதும் எனக்கு உயிரே வந்துச்சு."

அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். "அடப்பாவி அண்ணி! எனக்குந்தான். நீங்க அவ்வளவு அழுவுறீங்களேன்னுல்ல நான் அவங்ககிட்ட கெஞ்சுனேன்!"

வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, வாந்தி வருகிறதா என்று விசாரித்தார்.

சிக்னல் கிடைத்ததும் என் கணவரை அழைத்தேன். சிகரத்துக்குப் போகவில்லை, பனி சரியில்லை, பாதியில் திரும்பிவிட்டோம் என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார். "நன்னிலத்துல நம்ம வயல்ல சம்பா அறுக்க மிஷின் சொல்லிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள வந்துடுவீங்கள்ல ரெண்டு பேரும்?"

வந்துவிடுவோம் என்றேன்.