பழவேற்காட்டு ஏரியில் யாரும் ஏறாத படகு

என் தங்கை சுகிர்தத்தைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்ற ஒரே எண்ணத்தோடுதான் இந்தத் தை மாதம் பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன். ஏரியையும் பூநாரைகளையும் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவலாம். ஆனால் நான் பறவை பார்க்கப் போனவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுகிர்தம் ஏரிக்கு நடுவே உள்ள ஒரு மீனவக் குப்பத்தில் மிஷன் பள்ளி ஆசிரியை. அவள் கணவர் தானியேல் அதே குப்பத்தில் சபை ஊழியம் செய்யும் உபதேசியாராக இருந்தார். போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில், கரையிலிருந்து குப்பத்துக்குத் திரும்பும்போது படகு கவிழ்ந்து இறந்துபோனார். உடலைப் பொன்னேரிக்குக் கொண்டுவந்து அங்கேயே அடக்கம் செய்தோம். படகோட்டி நீந்திப் பிழைத்துவிட்டான் என்றும் அவன் பெயர் ஏகாம்பரம் என்றும் அன்று தெரிந்துகொண்டேன். அந்தப் பெயரை நான் மறக்கவில்லை. எனக்கு மறதி குறைவு. நான் இருபத்திரண்டு வருடம் ஆங்கிலம் கற்பித்த சபைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் பதவியைக் கமிட்டி செயலாளர் தன் மருமகனுக்குக் கொடுத்த நாளில், அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நான்கு வருடமாக நான் சபைக் கோயில் பக்கம் போகவில்லை. தானியேல் இறந்த பிறகு, போகாததற்கு இன்னொரு நியாயமும் கிடைத்தது.

சென்னை சென்ட்ரலிலிருந்து கூடூர் பாசஞ்சரில் பொன்னேரி முப்பத்தைந்து கிலோமீட்டர். கரி இன்ஜின். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் சாம்பல் சட்டையோடு இறங்கலாம். வண்டியில் பாதிப்பேர் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவர்கள். அங்கே தொழிற்பேட்டை வருகிறது, கம்பெனிகள் வருகின்றன, ஆள் எடுக்கிறார்கள் என்று பெட்டி முழுக்க ஒரே பேச்சு. பொன்னேரியில் இறங்கி, சந்தையை ஒட்டி நின்ற பஸ்ஸில் ஏறினேன். பழவேற்காட்டுக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எழுபது காசு. வழி நெடுக அறுப்புக்கு நிற்கிற வயல்கள். பத்தரைக்குப் படகுத்துறையில் இருந்தேன்.

துறையில் ஒரு டீக்கடை உண்டு. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே விசாரித்தார்.

"யார் ஊட்டுக்கு சார்?"

"சுகிர்தம் டீச்சர் வீட்டுக்கு. நான் அவங்க அண்ணன்."

கரையில் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பட்டணத்து ஆளைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

துறையில் அப்போது ஒரே படகுதான் காலியாக நின்றது. மற்றவை இறால் பிடிக்கப் போயிருந்தன. காலிப் படகின் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தண்ணீரில் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"சார், வேற படகு வரும். செத்த நேரம் குந்துங்க" என்றார்.

"வேற படகு எதுக்கு? இதுக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணும் இல்ல சார்."

"ஓட்டையா?"

"ஓட்டை இல்ல."

"அப்புறம் என்ன?" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பலகையைத் தன் துண்டால் துடைத்து, "இப்பிடி குந்துங்க சார்" என்றார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

நேராகப் போனால் முக்கால் மணி நேரத்தில் குப்பம். இவர் வடக்கே வெகுதூரம் சுற்றிப் போனார். ஒன்றரை மணி நேரம் ஆனது. "ஏன்யா இந்தச் சுற்று?" என்று கேட்டேன். "நேரா போனா முகத்துவாரம் சார்" என்றார். ஏரி கடலோடு சேருகிற வாய்க்குத்தான் முகத்துவாரம் என்று பெயர். தூரத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. பார்க்க வேண்டிய காட்சிதான். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும்.

குப்பத்துக் கரையில் சுகிர்தம் நின்றுகொண்டிருந்தாள். தலை நரைத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, ஏகாம்பரம் படகுலயா வந்தே?"

திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். "நீங்க ஏறுவீங்கன்னு நான் கனவுலயும் நெனைக்கல சார்" என்றார். நான் வேகமாக நடந்துவிட்டேன்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சுகிர்தம் விவரம் சொன்னாள். குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படகில் சாவு நேர்ந்துவிட்டால், செத்தவர் வீட்டு ஆண் ஒருவர் வந்து அதில் ஏறி ஒரு நடை போய் வரும்வரை வேறு யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். தானியேலுக்குப் பிள்ளைகள் கிடையாது, உடன்பிறந்தவர்களும் இல்லை. மைத்துனன் என்று இருப்பவன் நான் ஒருவன்தான். பதினாலு மாதமாக அந்தப் படகில் யாரும் ஏறவில்லை.

"நான் மட்டும் ஏறுவேன்" என்றாள். "ஞாயித்துக்கிழம அக்கரைக் குப்பத்துல ஆராதனை நடத்தப் போவணுமே. ஆனா பொம்பள ஏறுனா கணக்குல இல்லியாம்."

"நீ ஏறுனியா? அவன் படகுலயா?"

"மொதல்ல ஏறல. நாலு மாசம் அந்த ஆளு மூஞ்சியப் பாக்கல."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். தானியேல் இறந்தது அந்த ஆளின் அவசரத்தால். இரண்டு வருடமாக மண் மூடிக் கிடந்த முகத்துவாரம்தானே என்று, குறுக்கே படகை விட்டிருக்கிறார். முந்தின இரவு வெள்ளத்தில் அது உடைத்துக்கொண்டதை அவர் போய்ப் பார்க்கவில்லை. தண்ணீர் கடல் பக்கம் இழுத்துவிட்டது. அவருக்கு நீச்சல் தெரியும், தானியேலுக்குத் தெரியாது. இப்போது நான் அறியாமல் கால் வைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டதாம்.

"நான் தெரியாம ஏறினேன்னு போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லு. தெரியாம ஏறினது ஏறினதா ஆவாது. அதுவும் பாதி நடைதான் ஆயிருக்கு. நாளைக்குத் திரும்பணும். வேற படகு வேணும்னா நானே கூப்பிட்டு விடறேன்."

"என்னை ஏறச் சொல்ல மாட்டியா?"

"மாட்டேன். எனக்கு இந்த வழக்கத்துல நம்பிக்கை இல்ல. ஆனா அந்த ஆளுக்கு இருக்கு. படக வித்துட்டுக் கும்மிடிப்பூண்டில கம்பெனிக்கு மண்ணு சொமக்கப் போறேங்கறாரு. அம்பது வயசுல. நீ ஏறுனா படகு ஓடும், ஏறலன்னா ஓடாது. அவ்ளோதான் விஷயம்."

பிறகு நான் வந்த காரியத்தைப் பேசினேன். சென்னையில் அவளுக்கு ஒரு பள்ளியில் இடம் பார்த்து வைத்திருந்தேன். வீட்டில் மாடி அறை காலி. கணவரைக் கொன்ற தண்ணீரைத் தினமும் பார்த்துக்கொண்டு இங்கே எதற்கு இருக்க வேண்டும் என்றேன். இருபது வருடம் ஊழியம் செய்தவருக்கு ஆண்டவர் கொடுத்த கூலி இதுதானா என்றும் கேட்டேன். இதைக் கேட்பதற்காகவே நான் பதினாலு மாதம் காத்திருந்தேன்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை.

"நானும் கேட்டேன்" என்றாள். "ஜெபம் பண்ண வாயத் தொறந்தா சண்டதான் வந்துது. காலைல எழுந்ததும் சண்ட, ராத்திரி படுக்கறப்போ சண்ட. நீ கேக்காத கேள்வியெல்லாம் கேட்டேன். ஒரு நா திடீர்னு தோணிச்சு, நான் தெனம் சண்டைக்குப் போறேன், ஆண்டவரும் தெனம் உக்காந்து கேட்டுக்கினு இருக்காரு. ஒரு நாளாவது எழுந்து போனாரா? போகவே இல்லண்ணா. கிருபை கிருபைன்னு சின்ன வயசுலேந்து சொல்லிக்கினு இருக்கோமே, அது இதுதான்னு அப்பத்தான் புரிஞ்சுது. நான் அவரப் புடிச்சுக்கினு இருந்தா எப்பவோ கைய விட்டுருப்பேன். அவரு என்னப் புடிச்சுக்கினு இருந்தாரு."

"ஆறுதலுக்குச் சொல்லிக்கறே."

"ஆறுதல்னா அழுகை நின்னுருக்கணும். நிக்கல. அழுதுக்கினே வேல செய்யக் கத்துக்கினேன். அந்த அஞ்சாவது மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம வேற படகு இல்ல. இந்த ஆளு தண்ணில நின்னுக்கினு இருந்தாரு. என்னால முடியாதுன்னுதான் நெனச்சேன். கால் தானா போயி ஏறிடுச்சு. அது என் கால்தான், ஆனா என் பலம் இல்ல."

அவள் தட்டை எடுத்துக்கொண்டே, "நீ இன்னும் அந்த ஹெட்மாஸ்டர் நாற்காலிலதான் உக்காந்துக்கினு இருக்கே, குடுக்காத நாற்காலில. எப்பிடித்தான் முடியுதோ" என்றாள். இது சின்ன வயதிலிருந்தே அவளுக்குள்ள வாய்க்கொழுப்பு. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

சாயங்காலம் அவளுடைய பள்ளியைப் பார்த்தேன். ஓலைக் கூரை, ஒரே அறை. பாடம் முடிந்து, புருஷனைக் கடலில் பறிகொடுத்த ஒரு இளம்பெண் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். சுகிர்தம் அவளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கருவாட்டுக்கு மீன் கீறினாள். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். என் தங்கை எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனால் இப்போது எங்களில் அவள்தான் மூத்தவள் என்று தோன்றியது. இது புத்தகம் படித்து வந்த முதிர்ச்சி இல்லை. புத்தகம் என்னிடம்தான் அதிகம். அவளைச் சென்னைக்குக் கூப்பிடும் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கரைக்குப் போனேன். இரண்டு படகுகள் நின்றன. ஒன்று வேறொரு ஆளுடையது. அதில் ஐந்தாறு பெண்கள் மீன் கூடைகளோடு ஏறத் தயாராக இருந்தார்கள். ஏகாம்பரம் தன் படகோடு சற்றுத் தள்ளி நின்றார். நான் அவரிடம் போனேன்.

"நேத்து நீங்க யார்னு தெரியாமத்தான் ஏறினேன்" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். "டீச்சரம்மா சொன்னாங்க சார். பரவால்ல. அந்தப் படகுல போங்க. நல்ல படகு."

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. இதை எழுதும் இந்த நிமிடம்கூட முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் போன பிறகுதான் ஏற வேண்டும் என்றால், சுகிர்தமும் ஏறியிருக்க மாட்டாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக, மனசுக்குள் "ஆண்டவரே, நீர் எழுந்து போகாமல் இரும்" என்று சொன்னேன். அதைவிட நீளமான ஜெபம் வரவில்லை. காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

"இப்ப தெரிஞ்சு ஏர்றேன். எடுங்க" என்றேன்.

ஏகாம்பரம் எடுக்கவில்லை. கழியைப் பிடித்தபடி நின்றார். அதற்குள் பக்கத்துப் படகில் ஏற நின்ற பெண்களில் பருத்த ஒருத்தி தன் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து, பாதி நண்டும் பாதி இறாலுமாக இருந்த அதை என் மடிக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"நவுந்து குந்து சார். படகு இன்னா உன் மாமியா ஊட்டு சொத்தா?"

நகர்ந்தேன். இன்னொருத்தி ஏறினாள். பிறகு இரண்டு பேர். நடை முடியும்வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை. பக்கத்துப் படகுக்காரர், "இன்னாடி, என்ன அம்போன்னு உட்டுட்டீங்க" என்று கத்தினார். "நீ அர ரூவா கேப்ப. ஏகாம்பரம் அண்ணன் கால் ரூவா" என்றாள் பருத்தவள். சுகிர்தம் கரையில் நின்று கையை ஆட்டினாள். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள், அவள் சொன்னது போலவே.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். கமிட்டி செயலாளர் முன்வரிசையில் இருந்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஆண்டவரோடு எனக்குள்ள வழக்கை இனி வீட்டில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து நடத்தப்போவதில்லை; நேரில் போய்த்தான் நடத்தப்போகிறேன். கேட்பவர் எழுந்து போக மாட்டார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. துன்பத்தில் இருப்பவர்களுக்கு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதுவே போதும் என்பதற்கு என் தங்கை சாட்சி.

போக விரும்புகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல காலம். காலை முதல் பாசஞ்சரைப் பிடித்தால்தான் பறவைகளைப் பார்க்க முடியும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். குப்பத்தில் கிடைப்பது உப்பு. குடை அவசியம். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். துறையில் ஏகாம்பரம் படகு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். முகத்துவாரத்தைத் தள்ளிச் சுற்றித்தான் போவார், ஒன்றரை மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். படகில் இடம் இல்லை என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த வார்த்தையைச் சொல்ல அவர் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்.