எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தாள்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஓட்டிசம், பேச்சு இல்லை. கோதுமைப் பாண், தயிர், வெறும் நூடில்ஸ், அப்பிள், இந்த நாலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டாள்.

ஹனோவரில் இருந்த ஒரு இயற்கை வைத்தியரைப் பற்றிச் சொன்னவர் என் மச்சாள், கணவரின் அக்கா.

"மூளைக்குள்ள அழற்சியாம். அதைக் குறைச்சால் பிள்ளை கதைக்குமாம். ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோவன்."

கதைக்கும் என்ற சொல்லுக்கு மயங்கினேன். ஜெர்மனியில் நாங்கள் இருந்த ஹம் நகரிலிருந்து ரயிலேறிப் போனோம்.

அந்த மனிதர் நான் நிரப்பிய படிவத்தைப் பத்து நிமிடம் பார்த்தார். இரத்தம்கூட எடுக்கவில்லை. மூளையில் அழற்சிதான் என்றார். உங்கள் மகளுக்கென்றே வகுத்த சிகிச்சை என்று ஒரு தாளை நீட்டினார். கோதுமை கூடாது, பால் கூடாது, தினமும் ஆறு விதக் குளிசை.

மூன்று கிழமை அவள் அப்பிளை மட்டும் தின்றாள். பாண் வைக்கும் அலுமாரியில் தலையை இடித்தாள். திறக்க வந்த அவள் கையை நான் தட்டிவிட்டேன். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

வைத்தியர் தந்த இரண்டாவது டெர்மினுக்குப் போனபோது காத்திருப்பு அறையில் ஒரு துருக்கித் தாய். அவருடைய மகளுக்கும் ஓட்டிசம், பதின்மூன்று வயது. நன்றாகப் பேசுவாள், எதையும் சாப்பிடுவாள். எங்கள் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே ஆறு குளிசை. எழுத்துப்பிழைகூட மாறவில்லை. பெயர் மட்டும் வேறு.

உள்ளே போய் இரண்டையும் மேசையில் போட்டேன். இதில் எது என் மகளுக்கென்று வகுத்தது என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன். தாய்மார் பொறுமை இழப்பது இயல்புதான் என்று சிரித்தார். துருக்கித் தாய் பின்னால் வந்து என்னைவிடச் சத்தமாகக் கேட்டார். சிரிப்பு நின்றது. வைத்தியர் கதவைக் காட்டினார்.

ஹம்மில் எங்கள் வழக்கமான பிள்ளை வைத்தியர் அவளை நிறுத்துப் பார்த்து, குறைந்திருந்த எடையைக் குறித்துக்கொண்டார். மூளை அழற்சியைப் பற்றி ஆராய்கிறார்கள், சில பிள்ளைகளுக்கு இருக்கலாம், ஆனால் படிவத்தைப் பார்த்து அதைச் சொல்ல எவராலும் முடியாது என்றார். முதலில் பாணைக் கொடுங்கள் என்றார்.

மச்சாள் தொலைபேசியில், "இன்னும் கொஞ்சநாள் பாத்திருக்கலாமே" என்றார்.

"பட்டினி கிடந்தது உங்கட பிள்ளையே, மச்சாள்?"

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. என்மேலேயே வரவில்லை, அவர்மேல் எப்படி வரும்?

நானும் துருக்கித் தாயும் சுகாதார அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதினோம். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒற்றை வரி வந்தது. அன்றைக்கே அடுத்த முறைப்பாட்டை எழுதத் தொடங்கினேன்.