அம்மா கொடுத்த ரத்தம்

அரியலூர்ப் பக்கம் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றில் தண்ணீர் வற்றியபோது எலும்புக்கூடு கிடைத்தது. கல் லாரி ஓட்டிய என் அண்ணன் காணாமல் போய் அப்போது ஒன்றரை வருடம். அவனோடு லாரி ஓட்டிய கூட்டாளியைச் சந்தேகத்தில் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள்.

"எலும்பு உங்க அண்ணனோடதுன்னு டிஎன்ஏ சொன்னாத்தான்மா கேஸ் நிக்கும். இல்லன்னா அவன் கையை வீசிக்கிட்டு வெளிய போயிடுவான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் அம்மாவின் ரத்தத்தை எடுத்தார்கள். நானும் முந்திக்கொண்டு கையை நீட்டினேன். பெற்றவள் ரத்தமே போதும் என்றார் டாக்டர். "நீங்கதானே பெத்த தாய்?" என்று அவர் கேட்டதற்கு அம்மா தலையாட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மாதக்கணக்கில் இழுத்தடித்து ரிசல்ட் வந்தது. பொருந்தவில்லை. அது அண்ணன் இல்லை! நான் ஸ்டேஷன் வாசலிலேயே கத்திவிட்டேன். திங்கள்கிழமை சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டோம். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டேன். துபாய் போகணும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தானே, அங்கே இருந்தாலும் இருப்பான் என்று, புருஷன் துபாயில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டுத் தோழியிடம் விசாரிக்கச் சொன்னேன். கூட்டாளி ஜாமீனில் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். எவன் வந்தால் எனக்கென்ன என்றேன்.

நாலாம் நாள் உடையார்பாளையத்திலிருந்து அத்தை வந்து நின்றாள். செத்துப்போன அப்பாவின் தங்கை. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அவள் மகளை அண்ணனுக்கு நான் கேட்டுப் போனபோது, காரணமே சொல்லாமல், "செத்தாலும் குடுக்க மாட்டேன்" என்று என் முகத்திலடித்த மாதிரிச் சொன்னவள். முந்திரித்தோப்பு இருக்கிற திமிர் என்று நானும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தேன். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"யாரு கூப்புட்டான்னு வந்தீங்க?" என்றேன்.

அத்தை என்னைச் சட்டையே பண்ணவில்லை. "அண்ணி, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள் அம்மாவிடம். அம்மா முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் என் வயித்துல பொறந்தவன், பாப்பா. உங்கம்மாவுக்கு ஏழு வருஷமாப் புள்ள இல்ல. எங்கண்ணன் வந்து கேட்டுச்சு. மூணு மாசப் புள்ளையைத் தூக்கிக் குடுத்தேன். வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு மூணு பேரும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுனோம். அவன் வந்த ராசியிலதான் நீயே பொறந்த. உங்கம்மா ரத்தம் எப்படி ஒட்டும்? என் ரத்தத்தை எடுக்கச் சொல்லு."

சொந்தத் தங்கச்சியையா அவனுக்குக் கட்டிவைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன்? சீ, என்ன வாய் இது! அதற்குப் பிறகுதான் அத்தை எதற்கு வந்திருக்கிறாள் என்பது புத்தியில் ஏறியது. அப்படியானால் அந்த எலும்பு?

அத்தையின் ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். பொருந்தியது. குழிக்குள் கிடந்தது அண்ணன்தான். ஜாமீனில் திரிந்தவனை மறுபடி பிடித்து உள்ளே தள்ளினார்கள்.

ஸ்டேஷனிலிருந்து வந்ததும் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏம்மா ரத்தம் குடுத்த? கொன்னவனை நீயே வெளிய விட்டுட்டியே, பாவி!"

அம்மா கையை உதறவில்லை.

"ஒட்டாதுன்னு தெரியும்டி. ஒட்டலன்னா அவன் உசுரோட இருக்கான்னு நீங்கள்ளாம் சொல்லுவீங்க. யாரு வாயாலயாவது அதைக் கேக்கணும்னு இருந்துச்சு. நாலு நாள் கேட்டேன்."