கனேலாவைப் பார்க்கக் கூடாத ஞாயிற்றுக்கிழமை

ஹோம்ஸ்டெட் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓடாலிஸுக்குப் பார்க்கத் தெரியும். பார்க்காமல் இருக்கத் தெரியாது. பின் இருக்கையில் எந்தப் பையன் எவன் தலையில் குட்டுகிறான் என்பதை முன்னால் இருக்கிற கண்ணாடியிலேயே பிடித்துவிடுவாள். வேலை முடிந்து வந்தால் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கொல்லைப்புற மாமரத்தடிக்குப் போவாள். அங்கே வலைக்கூண்டுகளில் அவளுடைய பச்சோந்திகள் இருந்தன.

அதுகளை வளர்ப்பது சாதாரண வேலையில்லை. ஒன்றின் கண்ணில் இன்னொன்று பட்டால் கோபத்தில் கறுத்துப்போகும் என்பதால் கூண்டுக்குக் கூண்டு நடுவே செடி வைத்து மறைக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் சீந்தாது, இலையில் துளித்துளியாகச் சொட்டினால்தான் குடிக்கும். தின்னப்போகும் சிள்வண்டுகளுக்கு முதலில் கீரையும் காரட்டும் கொடுத்து, பிறகு சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். பூச்சிக்குச் சமைத்துப் போடுகிறவளுக்குப் புருஷனுக்கு ஒரு முட்டை பொரிக்க நேரமில்லை என்று ரமீரோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவான்.

ரமீரோ பனை நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறவன். ஆள் ஆறடி. ஆனால் பச்சோந்தியின் ஒரு கண் கிழக்கேயும் ஒரு கண் மேற்கேயும் தனித்தனியாகச் சுழல்வதைப் பார்த்தால் அவனுக்குப் பயம். கூண்டுப் பக்கம் வர நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வருவான். ஓடாலிஸுக்கோ அந்தக் கண்கள்தான் உலகத்திலேயே பெரிய அதிசயம். இத்தனை வருஷம் ஆகியும், நாக்கு பாய்ந்து பூச்சியோடு திரும்பும் நேரத்தில் அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சாமி இதைச் செய்யும்போது வேறு எந்த வேலையையும் கையில் வைத்திருக்க மாட்டார் என்று சொல்லுவாள்.

கனேலா இந்த வீட்டிலேயே, அலமாரிக்குள் வைத்த டப்பாவில் முட்டையிலிருந்து வந்தவள். இலவங்கப்பட்டை நிறம். நகத்தின் மேல் உட்காரும் அளவில் இருந்தபோதிருந்து ஓடாலிஸ் கையால் தின்று வளர்ந்தாள். போன மாதம் ஆணோடு சேர்த்து விட்டாயிற்று. இப்போது உடம்பு கறுத்து, ஆரஞ்சுப் பட்டைகள் எழும்பி, வயிறு கூழாங்கல் நிரப்பிய பைபோல் இருந்தது. தீனியைத் தொடவில்லை. கூண்டின் அடித்தளத்தில் அங்கும் இங்கும் அலைந்தாள். மண்ணைத் தேடுகிறாள் என்று ஓடாலிஸுக்குப் புரிந்தது. குழி தோண்டி முட்டையைப் புதைக்க இடம் கிடைக்காவிட்டால் இவை முட்டையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு செத்துப்போகும்.

ரமீரோ பண்ணையிலிருந்து பெரிய தொட்டி கொண்டுவந்தான். மணலும் மண்ணும் கலந்து, குழி சரியாமல் நிற்கும் பதத்துக்கு ஈரமாக்கி, ஒரு செம்பருத்தியையும் நட்டுக் கொடுத்தான், அதைக் கூண்டுக்குள் வைத்தாள் ஓடாலிஸ். கனேலா இறங்கினாள், கீறினாள், விட்டாள். மறுபடி வேறு மூலையில் கீறினாள், விட்டாள். வெள்ளிக்கிழமை ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள் ஓடாலிஸ்.

"திங்கட்கிழமை காலைக்குள்ள முட்டை போடலைன்னா வயித்தைத் திறக்கணும்," என்றார் டாக்டரம்மா. "இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. கூண்டைத் துணி போட்டு மூடிட்டு ஒதுங்கிடுங்க. யாரோ பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சா அது தோண்டாது."

இது ஓடாலிஸுக்குத் தெரியாததா என்ன? பச்சோந்தி வளர்ப்போர் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை அவளேதான் பாடமாகச் சொல்லுவாள். சனிக்கிழமை காலையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டுக் கூண்டை மூடினாள். மூடியவள், கத்தரிக்கோலால் ஒரு சின்ன ஓட்டையும் போட்டாள். ஒரு கண் அளவுக்குத்தான், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

உள்ளே அவள் கண்டது லேசான காட்சியில்லை. தலை முழுக்கக் குழிக்குள். வாலும் பின்னங்கால்களும்தான் வெளியே. அந்தக் கால்கள் மண்ணைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் குவித்தன. சில நாள் முன்புவரை கிளையை விட்டு இறங்காதவள், மண்ணையே மிதித்து அறியாதவள், தாயின் முகத்தையும் பார்த்திராதவள். இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஓடாலிஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்போது கனேலா தலையை வெளியே எடுத்தாள். மூக்கு நுனியில் மண். ஒரு கண் குழியையே பார்த்தது. மற்றொரு கண் மெல்லச் சுழன்று, விரிப்பின் மேல் ஊர்ந்து, ஓட்டைக்கு நேராக வந்து நின்றது. ஓடாலிஸ் அசையவில்லை. ஆனால் அது பார்த்துவிட்டது. கனேலா அவசரமில்லாமல் மண்ணைத் தள்ளி அந்த வெறுங்குழியை மூடிவிட்டு, செடியில் ஏறிக்கொண்டாள். மாலை வெயில் நன்றாக அடிக்கும்போதே இரண்டு கண்களையும் மூடிக்கொண்டாள். பகலில் பச்சோந்தி கண்ணை மூடினால் உயிருக்கே ஆபத்து என்று வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்.

ஓட்டையை ரமீரோதான் கண்டுபிடித்தான்.

"இது எலி கடிச்சதா?"

"நான்தான்யா போட்டேன்."

அவன் திட்டவில்லை. உள்ளே போய் ஒட்டுநாடாவை எடுத்துவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டையை அடைத்தான்.

"நாளைக்கு நீ இந்த வீட்ல இருக்கக் கூடாது. ஹயலீயாவுக்கு, உங்க அக்கா வீட்டுக்குப் போ."

"அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நீ இருந்தா கண்டிப்பா ஆகும்டி."

சுருக்கென்று தைத்தது. தண்ணீர் சொட்டவிடுவதற்கு ஆள் வேண்டுமே என்று முனகினாள். அதைத் தான் பார்த்துக்கொள்வதாக அவன் சொன்னான். யோசித்தால், பார்க்கவே பயப்படுகிறவனைவிடத் தோதான காவல்காரன் யார் கிடைப்பான்?

ஞாயிற்றுக்கிழமை அக்கா நெரேய்தா கறுப்பு பீன்ஸ் சோறும் பொரித்த வாழைப்பழமும் வைத்தாள். தட்டில் அப்படியே கிடந்தது. ஒரு பல்லிக்காக இப்படியா என்று அக்கா கேட்டாள். பல்லி என்று சொன்னதற்கு வேறு ஒரு நாளாக இருந்தால் பெரிய சண்டையே நடந்திருக்கும். ஓடாலிஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் ரமீரோ கூப்பிட்டான்.

"காலையில இருந்து மண்ணு சரசரன்னு கேட்டுது. இப்போ ரொம்ப நேரமா ஒண்ணும் கேட்கலை."

"கேட்கலைன்னா? என்னய்யா ஆச்சு?"

"தெரியாது. நான் துணியைத் தூக்கலை."

எந்தச் சாலையில் எப்படி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மாமரத்தடிக்கு வந்து விரிப்பின் முனையைப் பிடித்தவளுக்குக் கை எழவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள்.

மண் சமமாக இருந்தது. குழி இருந்த தடயமே இல்லை. கனேலா மிதித்து மிதித்து இறுக்கி, மேலே காய்ந்த இலையையும் இழுத்து விட்டிருந்தாள். செம்பருத்திக் கிளையில் கனேலா ஒட்டிய வயிறும் குழிந்த விலாவுமாக உட்கார்ந்து, ரமீரோ வைத்த குழாயிலிருந்து இலைக்குச் சொட்டும் நீரைத் துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. கறுப்பு விலகி, இலவங்கப்பட்டை நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது. ஓடாலிஸுக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

வேலியோரம் முதுகைக் காட்டி நின்றபடியே ரமீரோ கேட்டான்.

"இருக்காளா?"

"இருக்கா," என்றாள் ஓடாலிஸ். "நான் இல்லாததாலதான் இருக்கா."